பொட்டு வெச்ச பிரஷ்

அதைக் கீழ வெய்யுங்க சார். கோவிச்சுக்காதீங்க. அந்தப் பிரஷ் டயருக்கு மட்டும். அதைத் தொட்ட கையோட மேல் தட்டுல இருக்கற பிரஷைத் தொட்டீங்கன்னா டயரு மண்ணு அதுலயும் ஏறிக்கும். அந்தச் சேர்ல உக்காருங்க. ஒரு காலு சித்தெ ஆடும், செவுத்தோரமாப் போட்டுக்குங்க. டீ சொல்லியாச்சு.

உங்க வண்டிக்கு ஒரு மணி நேரம் ஆகுமுங்க. தண்ணி அடிச்சு சேத்தை ஊற வெச்சிருக்கறேன். ஊறாத சேத்துல பிரஷை வெச்சா அது பிரஷ் இல்ல, உப்புத்தாள். அவசரம்னா சொல்லீருங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் இருக்கறான், பழைய பனியனைப் போட்டு பத்து நிமிசத்துல தேச்சுக் குடுத்துருவான். வேண்டாங்களா. சரி. கருநீல வண்டிங்க உங்களுது. வெள்ளை வண்டின்னா எவன் தேச்சாலும் தெரியாது. கருப்பு, கருநீலம், இதெல்லாம் செஞ்சதைச் சொல்லிக் குடுத்துரும்.

இத்தனை பிரஷ் எதுக்குன்னு பாக்கறீங்க. எல்லாரும் கேக்கறதுதான். வண்டிக்கு மேலுக்கெல்லாம் துணி போதும். துணி போகாத எடம் எத்தனை இருக்குதுன்னு நெனைக்கறீங்க. முன்னாடி கிரில்லு. கம்பெனி பேரை ஒட்டி வெச்சிருக்கறானே, அந்த எழுத்துக்குள்ள சந்து. கதவுக் கைப்பிடிக்குப் பின்னால குழி. கண்ணாடி மடங்கற எடம். வைப்பருக்கு அடியில. பெட்ரோல் மூடிக்குள்ள. அழுக்கு முச்சூடும் அங்க போயித்தான் குந்திக்கும். வெரல்ல துணியச் சுத்தி நொழைச்சுத் தேய்ப்பாங்க. நகமும் மண்ணும் சேந்து இழுக்கும். போச்சு.

பல்லு வெளக்கற பிரஷ் கூடவே கூடாதுங்க. எத்தனை மெதுவுன்னு அட்டையில போட்டிருந்தாலும் கூடாது, நுனி வெட்டி விட்டிருப்பான், ஒவ்வொண்ணும் குத்தும். பெயிண்ட் பிரஷ் நல்லாத்தான் இருக்கும், ஆனா முடிக்கும் கைப்பிடிக்கும் நடுவுல தகரப் பட்டை இருக்குது பாருங்க, அது கை வழுக்குனா வண்டியில படும். அதுக்குத்தான் இப்பிடி சைக்கிள் டியூபைச் சுத்தி வெக்கறது. எழுத்துச் சந்துக்கு ஆட்டு முடி. கிரில்லுக்கு அதைவிடக் கொஞ்சம் வெறைப்பா. பெட்ரோல் மூடிக்குள்ள பொம்பளைங்க கன்னத்துக்குப் பவுடர் போடற பிரஷ். சிரிக்காதீங்க, அதை மாதிரி ஒண்ணு கிடைக்காது.

பிரஷ் வாங்கறதுக்கு நான் ஒரு வழி வெச்சிருக்கறனுங்க. கண்ணை மூடிட்டு இமை மேல தடவிப் பாக்கோணும். கூசாம, குத்தாம, தூக்கம் வர்ற மாதிரி இருந்தா எடு. சுருக்குன்னு ஒரு முடி பட்டாக்கூட வெச்சிரு. கோயமுத்தூர்ல பேன்சிக் கடையில நின்னு ஒவ்வொரு பிரஷா எடுத்து இமையில தடவிட்டு நிப்பேன். கடைக்காரப் புள்ளை ஒரு நாள் கேட்டுது, யாருக்குங்கண்ணா, அக்காளுக்கான்னு. கருப்புக் கார் ஒண்ணுக்கு அம்மிணின்னு சொன்னேன். அதுக்கப்பறம் நான் போனாலே அந்தப் புள்ளை வாயைப் பொத்திட்டுத்தான் நிக்கும். நிக்கட்டும். பதினோரு வருசத்துல இந்த நாட்ராயன் கை வெச்ச வண்டியில ஒரு கோடுன்னு எவனும் சொன்னதில்ல. போன வருசம் வரைக்கும் சொன்னதில்ல.

சொன்னது ஆருன்னா, வெளியாளு இல்லீங்க. என்ற மச்சினன்.

உங்ககிட்ட பேனா இருக்குதுங்களா? இருக்கட்டும், பையிலயே வெச்சிருங்க. கை ஈரமா இருக்குது. அப்பறம் வாங்கிக்கறேன். எதுக்குன்னு சொல்றேன்.

பூபதின்னு பேரு. என்ற சம்சாரம் சாந்தாமணிக்குத் தம்பி, அவளுக்குக் கூடப் பொறந்தது அவன் ஒருத்தன்தான். இந்த வண்டி கழுவற செட்டை நாங்க ரண்டு பேருந்தான் போட்டோம். அவன் மச்சான்னு கூப்புடுவான், நான் மாப்ளேன்னு கூப்புடுவேன். பதினோரு வருசம் ஒரே தூக்குப் போசியில சோறு தின்னோமுங்க. அவன் நல்ல வேலைக்காரன், அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். இந்த டியூபு சுத்துனது அவந்தான். இப்பத்தான் நான் சுத்தற மாதிரி சொன்னேன், அவன் சுத்துனது. நூல் வெச்சு என்னமோ முடிச்சுப் போட்டிருக்கறான், பிரிய மாட்டேங்குது.

ஆனா ஒரு கொணம். எதையும் நம்ப மாட்டான். நான் இமையில தடவிப் பாத்துச் சொன்னா முடிஞ்சுதில்லீங்களா? அவனுக்கு முடியாது. அதோ செவுத்துல மாட்டியிருக்குது பாருங்க ஒரு கருப்புக் கதவு, அது அவன் உக்கடத்துல பழைய இரும்புக் கடையில வாங்கிட்டு வந்தது. எந்தப் பிரஷ் வந்தாலும் மொதல்ல அந்தக் கதவுல நாலு தரம் ஓட்டுவான். வெய்யில்ல திருப்பிப் பாப்பான். அப்பறந்தான் வண்டிக்கு. மச்சான், உங்க இமைக்கு வலிக்கலீன்னா போதுமா, பெயிண்டுக்கு வலிக்கக் கூடாதில்லம்பான். எனக்கு உள்ளுக்குள்ள சுருக்குன்னுதான் இருக்கும். வெளிய காட்டிக்க மாட்டேன். சம்சாரத்தோட தம்பியாச்சே.

போன வருசம் ஆயுத பூசை. நான் எதுல கொறை வெச்சாலும் அதுல வெக்க மாட்டனுங்க. செட்டைக் கழுவி, மாவிலை கட்டி, தண்ணி அடிக்கற மோட்டாருக்கு மாலை போட்டு, பிரஷ் பதினாலையும் புதுத் துண்டு மேல வரிசையா வெச்சேன். பொரி, கடலை, பூசணிக்கா. அப்பறம் பொட்டு. எல்லாரும் என்ன பண்ணுவாங்க? கைப்பிடியில ஒரு பொட்டு வெச்சுட்டுப் போயிருவாங்க. நான் யோசிச்சுப் பாத்தேன். நமக்குச் சோறு போடறது கைப்பிடியாங்க? முடிதான? வேலை செய்யறது அது, பொட்டு மட்டும் கட்டைக்கா? அதனால நான் முடிக்கே வெப்பேன். அந்த வருசம் கொஞ்சம் எச்சாவே வெச்சேன். சந்தனத்துல திருநீத்தையும் சேத்துக் கொழைச்சு மூணு வெரல்ல பட்டை போட்டு, நடுவுல குங்குமம். பாக்கறதுக்கு பதினாலு சாமியார் வரிசையா உக்காந்த மாதிரி இருந்துதுங்க. என்ற புள்ளை தாரணி போன்ல படம் புடிச்சா. இன்னும் வெச்சிருக்கறா.

பூபதி கூட அன்னைக்கி அந்தப் பதினாலையும் பாத்துட்டு நின்னான். கையெடுத்துக் கும்புட்டான்.

மறுநாள் விசயதசமி. அன்னைக்கி மொத வண்டி ஆருதுன்னா, பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரரு, முத்துக்குமாரசாமின்னு, பெரிய மனுசன். எங்களுக்கு மொத வாடிக்கையே அவருதான். புதுசாக் கருப்பு வண்டி எடுத்து எட்டு நாளாகுது. நாட்ராயா, உன்ற கையில விசயதசமி அன்னைக்கி மொதக் கழுவல்னு சொல்லி அனுப்பிட்டாரு. எனக்கு எப்பிடி இருக்கும், சொல்லுங்க. பூபதி அன்னைக்கிப் பொண்டாட்டியக் கூட்டிட்டுக் கோயிலுக்குப் போயிட்டு வர்றேன்னுட்டான், மத்தியானந்தான் வந்தான். நானே தண்ணி அடிச்சு, நானே ஊற வெச்சு, நானே எறங்கி ஒவ்வொரு எழுத்தா, ஒவ்வொரு கைப்பிடிக் குழியா செஞ்சேன். பூசையில வெச்ச பிரஷை எடுத்து ஒரு தட்டுத் தட்டி சாம்பு தண்ணியில முக்கி ஆரம்பிச்சேன். அலசலை. சாமி சந்தனத்தைச் சாக்கடையிலயா விடறது? மனசு வரலீங்க.

மத்தியானம் இவன் வந்தான். வண்டி அதுக்குள்ள போயிருச்சு. பிரஷை எடுத்து முடியை வெரல்ல பிரிச்சுப் பாக்கறான். மச்சான், இதை அலசிட்டு எடுத்திருக்கலாமே, உள்ள காஞ்சு போயி நரநரன்னு நிக்குதுங்கறான். கதவுல ஒரு தடவை ஓட்டிப் பாத்தரலாம்னு எந்திரிக்கறான். எனக்கு வந்துது பாருங்க கோவம். பூசையில வெச்சுக் கும்புட்ட பொருளை எடுத்துட்டுப் போயி உக்கடத்துக் கதவுல சோதிக்கறதாடா, உனக்கு சாமி மேல கூட நம்பிக்கை இல்லையான்னு கத்திட்டேன். கீழ வெச்சுட்டான். அன்னைக்கி அதோட விட்டான்.

விட்டான்னு நான் நெனச்சேன்.

மூணாம் நாளு. நல்ல வெய்யிலு. பண்ணைக்காரரு வண்டி உள்ள வந்து நிக்குது. அவரே எறங்கறாரு. பொறகால டிரைவரு, ராக்கியப்பன்னு, ஒம்பது வருசமா அவருகிட்ட ஓட்டறவரு, மூஞ்சி செத்துப் போயி எறங்கறாரு. இங்க வா நாட்ராயான்னாரு. போனேன். கைப்பிடிக் குழியைக் காட்டறாரு. எழுத்தைச் சுத்திக் காட்டறாரு. வட்ட வட்டமா, மெலீசா, சிலந்தி வலையாட்டம் கோடு. நெழல்ல பாத்தாத் தெரியாது. வெய்யில்ல ஒவ்வொண்ணும் மின்னுது. பத்து நாளு வண்டிங்க.

என்னப்பா இதுன்னாரு.

ஒரு மனுசனுக்கு அந்த நேரத்துல என்ன வாயில வரும்? எனக்கு என்ன வந்துதோ அதைச் சொன்னேன். எங்க கையில இதெல்லாம் வராதுங்க, உங்க டிரைவரு காலைல தூசி தட்டறப்பத் துணியில தொடைச்சிருப்பாருன்னு சொன்னேன். இதுல என்னங்க தப்பு? அவருதான் பண்ணுனாருன்னு நான் சொல்லல. தொடைச்சிருப்பாருன்னுதான் சொன்னேன். டிரைவருன்னா தொடைக்கறதுதான வேலை. ராக்கியப்பன் கேட்டுட்டுத்தான இருந்தாரு. நான் தொடவே இல்லீங்கன்னு சொல்லியிருக்கலாம்ல? மண்ணைப் பாத்துட்டு நின்னாரு. பண்ணைக்காரரு அவரைத் திரும்பிப் பாத்தாரு, அப்பறம் கையை நீட்டுனாரு. சாவியைக் குடுத்துட்டு பஸ் ஏறிப் போயிரு, நாளையிருந்து வர வேண்டாம்னாரு.

அது அவங்களுக்குள்ள இருக்கற விசயமுங்க. மொதலாளி, டிரைவரு. நாளைக்கி அவரே கூப்புட்டுச் சேத்துக்குவாரு. இல்லீன்னா வேற எடம் பாத்துக்குவாரு. ஓட்டறவனுக்கா வேலை இல்லை?

இந்த எடத்துல பூபதி வர்றான். கையில ஈரத்தோட உள்ள இருந்து வர்றான். ஐயா, சாவியை வாங்காதீங்க, அந்தக் கோடு நாங்க போட்டதுங்கறான்.

நாங்க. பாருங்க. வண்டி கழுவுன அன்னைக்கிக் காலைல அவன் செட்டுலயே இல்லை. அவனுக்கு என்ன வந்துது? பேசாம உள்ளயே நின்னிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்? நான் பல்லைக் கடிச்சுட்டு, மாப்ளே உள்ள போன்னேன். போகல. பூசையிலிருந்து எடுக்காம, பொட்டுக் கலையாம இருந்த ஒரு பிரஷை எடுத்தான். சாம்பு தண்ணியில முக்குனான். நேரா அந்தக் கதவுகிட்டப் போயி நாலு தரம் ஓட்டுனான். கழட்டி வெய்யில்ல கொண்டாந்து திருப்பிக் காட்டுனான். அதே வலை. அதே வட்டம். சந்தனமும் திருநீறும் காஞ்சு போயி முடிக்குள்ள நின்னிருக்குதுங்க, ராக்கியப்பண்ணன் மேல தப்பில்லைங்க, எங்க தப்புங்கன்னான்.

நீங்களே சொல்லுங்க சார். ராக்கியப்பன் அவனுக்கு மாமனா, மச்சானா, பங்காளியா? தொட்ட ஒறவு, விட்ட ஒறவு ஒண்ணு கெடையாது. அக்கா புருசன் இங்க நிக்கறேன். பதினோரு வருசம் ஒரே போசியில தின்னவன் நிக்கறேன். ஒரு பெரிய மனுசன் முன்னால என்னைப் பொய்யனாக்கிட்டு ஆரோ ஒரு டிரைவருக்காகப் பேசறான். ஆயுத பூசைப் பொட்டைக் குத்தம் சொல்லிப் பேசறான். சொந்தக்காரன் முதுகுல குத்துனா வெளிய காயம் தெரியாதுங்க, ஆனா ஆறாது.

அந்தக் கதவே பழசு. அதுல ஏற்கெனவே கோடு இருந்திருக்கும். அழுத்தி ஓட்டியிருப்பான். எத்தனையோ இருக்குது.

பண்ணைக்காரரு கத்தலை. கத்தியிருந்தாக் கூட எனக்கு ஆறியிருக்கும். சாவியை ராக்கியப்பன் கையிலயே திருப்பிக் குடுத்தாரு. பூபதி, நீயே சரி பண்ணிக் குடுன்னாரு. நீயேன்னாரு. பதினோரு வருசமா நாட்ராயா, நாட்ராயான்னு கூப்புட்ட மனுசன் அன்னைக்கி என்ற பக்கமே திரும்பலை. இவன் ரண்டு நாளு குனிஞ்ச தலை நிமுராம பாலீஷ் போட்டு அந்தக் கோடெல்லாம் எடுத்தான். ஒவ்வொரு எழுத்தையும் சுத்தி டேப் ஒட்டி, வெரல் நுனியில. நல்லாத்தான் எடுத்தான். நான் அந்தப் பக்கம் போகல.

வண்டி போனதும் நான் சொன்னேன். இந்தச் செட்டுல இனி ஒண்ணு நான் இருக்கோணும், இல்லீன்னா நீ இருக்கோணும்னு. அதென்னங்க, கோவத்துல சொல்றதுதான. ஒரு ஒறவுக்காரன்னா என்ன செய்யோணும்? போங்க மச்சான்னு சிரிச்சுட்டு வேலையைப் பாக்கோணும். இவன் என்னைப் பாத்தான். சும்மா பாத்துட்டே நின்னான். கோவமாப் பாத்தாத் திருப்பிக் கேக்கலாம். கோவமில்ல. என்னமோ நான் ஏதோ சொல்லுவேன், அதுக்குக் காத்திட்டிருக்கற மாதிரி ஒரு பார்வை. நான் எதுக்குச் சொல்லோணும்? சொல்லலை. சட்டையை மாட்டிட்டுப் போயிட்டான். பதினாலு பிரஷுல ஒண்ணு எடுக்கலை. அவன் வாங்குன கதவைக்கூட எடுக்கலை, திருப்பி ஆணியில மாட்டிட்டுத்தான் போனான். என்ன திமிரு பாருங்க. எனக்குப் போட்டுட்டுப் போறானாமா.

அந்தக் கதவைக் கழட்டி எறியோணும்னு ஒரு வருசமா நெனைக்கறேன். நேரமே கெடைக்க மாட்டேங்குது.

டீ வந்துருச்சு, எடுத்துக்குங்க. சக்கரை கம்மியா இருந்தாச் சொல்லுங்க.

இப்ப அவினாசி ரோட்டுல தனியா ஒரு செட்டுப் போட்டிருக்கறான். பண்ணைக்காரரு வண்டி அங்கதான் போகுது. ராக்கியப்பன் ஓட்டிட்டுத்தான் போறாரு. நான் இந்த ரோட்டுலயே பாத்திருக்கறேன், என்ற செட்டைத் தாண்டறப்ப அவரு ஆரன் அடிக்கறதில்ல, மெதுவாக்கறதில்ல. நானும் நிமுந்து பாக்கறதில்ல.

சரி, வெளியதான் இப்பிடின்னா வூட்டுக்குள்ளயும் ஆளுங்க அந்தப் பக்கம் சாஞ்சுட்டாங்க. சாந்தாமணிகிட்ட ஞாயம் கேட்டேன். அவன் செஞ்சது சரிதான்னா. ஒரே வார்த்தை. அதுக்கப்பறம் எனக்கும் அவளுக்கும் நேர்ப் பேச்சுக் கெடையாது. ஒரு வருசமா எல்லாம் தாரணி வழியாத்தான். உங்கப்பங்கிட்டச் சொல்லு, ரசம் இருக்குதுன்னு. நான் எதுத்தாப்புலதான் உக்காந்திருப்பேன். அம்மாகிட்டச் சொல்லு, போதும்னு. ஆருக்கு வந்த விருந்தோன்னு திங்கறதா இருக்குது என்ற வூட்டுச் சோறு.

ஆனா ஒண்ணு சார், சாமி இருக்குது. எனக்கு அது நிரூபணமே ஆயிருச்சு. கேளுங்க. பூபதி போனதுக்கப்பறம் நான் யோசிச்சேன். அந்தக் கோடு எப்பிடி வந்துது? என்ற கையில பதினோரு வருசம் வராதது எப்பிடி வந்துது? கண்ணுங்க. அவன் கண்ணு. அவன் பூசையன்னைக்கி அந்தப் பதினாலையும் பாத்துட்டு நின்னான் பாருங்க, அந்தப் பார்வை பிரஷுல எறங்கீருச்சு. அதனால நான் ஒரு பழக்கம் வெச்சேன். பிரஷை எடுக்கறதுக்கு முன்னால ஒரு வெள்ளைப் பக்கெட்டுல வெதுவெதுன்னு தண்ணி வெச்சு, சாம்பு ஊத்தி, ஒவ்வொரு பிரஷா முடியை வெரல்ல பிரிச்சுப் பிரிச்சு மூணு தரம் அலசுவேன். கண்ணேறு கழியட்டும்னு. பூசை முடிஞ்சாலும் அலசுவேன். சாக்கடையில ஊத்த மாட்டேன், அந்த அரளிச் செடிக்கடியில ஊத்துவேன், அப்ப சாமி குத்தமில்ல பாருங்க. அலச ஆரம்பிச்ச நாள்ல இருந்து இன்னைக்கி வரைக்கும் ஒரு வண்டியில ஒரு கோடு? கெடையாது. அவன் கண்ணை அலசி விட்டேன், கோடு நின்னு போச்சு. அப்ப தப்பு ஆரு மேல? இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

இதை சாந்தாமணிகிட்டச் சொல்லச் சொல்லி தாரணிகிட்டச் சொன்னேன். அந்தப் புள்ளை போயிச் சொல்லவே இல்லை. அப்பா, இதை நீங்களே அம்மாகிட்டச் சொல்லுங்க, எனக்குச் சொல்றதுக்கு வரமாட்டேங்குதுன்னா. என்னத்தைப் படிச்சுதோ.

அவளுக்குத்தான் சார் கார்த்திகையில கல்யாணம். ஆமாங்க, தாரணிக்கு. நல்ல எடம், பையன் பெருந்துறையில வேலை. பத்திரிகை அடிக்கக் குடுத்திருக்கறேன். அந்த அலமாரி மேல மடிச்சு வெச்சிருக்கறது அதுதான், மாதிரித் தாளு. அச்சாபீஸ்காரரு அஞ்சு மணிக்கு வந்து வாங்கிக்குவாரு, ராத்திரியே அடிச்சிருவாராமா. எடுத்துப் பாருங்க, பரவால்ல.

கீழ பாத்தீங்களா. தாய்மாமன்னு போட்டு பூபதின்னு பேரு. நான் போடச் சொல்லலை. சாந்தாமணி நேரா அச்சாபீஸ் போயிச் சொல்லிட்டு வந்திருக்கறா. நேத்துத்தான் பாத்தேன். பேனாவை எடுத்து அடிக்க ஆரம்பிச்சேன். தாய்மாமன்ங்கற வரைக்கும் கோடு விழுந்துது, அதுக்குள்ள மை தீந்து போச்சு. பேரு அப்பிடியே நிக்குது. அதுக்குத்தான் உங்ககிட்ட பேனா கேட்டது. மீதியையும் அடிச்சுக் குடுத்தரோணும்.

தாய்மாமன் இல்லாத கல்யாணமான்னு கேப்பாங்க. ஊரே கேக்கும். எங்க பக்கத்துல மாமன் சீரு இல்லாம ஒரு புள்ளை மணவறை ஏறுனதில்லைங்க. தாரணியும் சொல்லிட்டா, சண்டை போடலை, அழுகலை, மாமன் வந்து மாலை எடுத்துக் குடுத்தாத்தான் உக்காருவேன், இல்லீன்னா இந்தக் கல்யாணம் வேண்டாம்னு சொல்லிட்டு அவ பாட்டுக்குப் பாத்திரம் கழுவப் போயிட்டா. பொறந்தப்பத் தூக்கிட்டுத் திரிஞ்சது அவந்தான். காது குத்தறப்ப அவன் மடியிலதான் உக்காந்திருந்தா, இவளவிட அவந்தான் அதிகம் அழுதான். எல்லாம் சரி. எனக்குத் தெரியாததா? ஆனா அவன் வரோணும்னா, தாம்பூலத் தட்டு எடுத்துட்டு நான் அவன் வாசப்படி ஏறோணும். என்னைப் பொய்யனாக்குனவன் வாசப்படியை. அவன் வந்து, மச்சான், அன்னைக்கி நான் பேசுனது தப்பு, அது உங்க பிரஷ் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். மறுநிமிசம் தட்டோட போறேன். ஒரு வருசமா அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திட்டிருக்கறேன். சொல்ல மாட்டேங்கறானே.

இருங்க, சேறு ஊறியிருக்கும். இனி பிரஷ் எடுக்கலாம். நாலு நாளைக்கி முன்னாலதான் இந்த வருசப் பூசை ஆச்சு, அதுக்கப்பறம் உங்க வண்டிதான் மொத வண்டி, பொட்டு இன்னும் இருக்குது பாருங்க. இந்த வருசமும் முடிக்குத்தான் வெச்சேன். பழக்கத்தை விட முடியுங்களா? பயப்படாதீங்க, அலசிட்டுத்தான் உங்க வண்டியைத் தொடுவேன். இப்பிடி, முடியைப் பிரிச்சு, தண்ணிக்குள்ளயே. ஒண்ணு. ரண்டு. மூணு. பாத்தீங்களா, எப்பிடி மெத்துன்னு ஆயிருச்சு.

என்னங்க?

தண்ணியா? மஞ்சளாத்தான் வரும். சந்தனமில்லீங்களா.

பக்கெட்டு அடியிலயா. இருங்க, சித்தெ தெளியட்டும். அது, மணலாட்டம் கொஞ்சம் நிக்குமுங்க. எப்பவும் நிக்கறதுதான். திருநீறு காஞ்சது. குங்குமத்துல கலப்படம் இருக்கும், இப்பெல்லாம் எங்க நல்ல குங்குமம் கெடைக்குது. வெரல்ல எடுத்துத் தேச்சுப் பாத்தா நரநரன்னு.

நரநரன்னுதான் இருக்குது.

ஏனுங்க சார் அப்பிடிப் பாக்கறீங்க. டீயைக் குடிங்க, ஆறிப் போகுது. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் ஒண்ணும் கேக்கலை.

அன்னைக்கி அவனும் இப்பிடித்தானுங்க பாத்துட்டு நின்னான்.

மணி என்னங்க இப்ப? நாலரையா.

தப்பு அவன் மேலதானுங்க. அதுல மாத்தமில்ல. உள்ள கூப்புட்டுத் தனியாச் சொல்லியிருக்கலாம், ஊராளு முன்னால சொல்லியிருக்க வேண்டாம். நான் கேட்டிருப்பனான்னு நீங்க கேப்பீங்க. கேட்டிருக்க மாட்டேன். அது வேற விசயம். அதுக்குள்ள ராக்கியப்பன் சாவியைக் குடுக்கறதுக்குக் கையை நீட்டிட்டாரு. நானும் பாத்தேன். இல்லைன்னு சொல்ல மாட்டேன், பாத்தேன்.

கையைத் தொடைச்சுக்கறேன். அந்தப் பேனாவைக் குடுங்க. தாளை இப்பிடித் திருப்பி வெய்யுங்க, ஈரம் பட்டுரப் போகுது.

ஏஞ்சார், அடிச்ச எழுத்துக்கு மேலயே தாய்மாமன்னு திருப்பி எழுதுனா, அச்சாபீஸ்காரருக்குப் புரியுமுங்களா?